ஸ்டீம் அவனும் மதுரைத் தண்ணீரும்

9 பிப்ரவரி 2025, ஒருவர் கேட்டது

திருநகரில் பழைய வீட்டை எடுத்துக் கட்டுகிறோம். அடுப்படி வேலை செய்கிறவர், "ஒரு ஸ்டீம் அவன் (ஆவியில் வேக வைக்கும் மின்சார அடுப்புப் பெட்டி) பதிச்சிட்டீங்கன்னா குக்கர், இட்லிச் சட்டி, மைக்ரோவேவ் மூணையும் தூக்கிப் போட்டுறலாம்" என்கிறார். வீட்டில் 5 பேர். அவர் சொல்வது சரியா? எந்த வகை எடுப்பது?

9 பிப்ரவரி, இரவு

குக்கரைத் தூக்கிப் போடாதீர்கள். மற்ற இரண்டையும் பற்றி அப்புறம் பேசலாம்.

அழுத்தத்தில் வேலை செய்யும் ஒரு சில வகைகளை விட்டுவிட்டால், வீட்டு ஸ்டீம் அவனுக்குள் ஆவியின் சூடு 100 டிகிரிதான். வெயிட் போட்ட குக்கருக்குள் 120 டிகிரி வரை ஏறுகிறது. துவரம் பருப்பும் ஆட்டுக்கறியும் சீக்கிரம் மசிவது அந்த 20 டிகிரியால்தான். ஊற வைத்த கொண்டைக்கடலை ஸ்டீம் அவனிலும் வேகும், ஆனால் பொறுமை வேண்டும். காலையில் பள்ளிக்கூட வேன் வாசலில் நிற்கும்போது யாருக்கு இருக்கிறது பொறுமை.

என்னிடம் 45 லிட்டர் காம்பி (ஆவி, சூடான காற்று இரண்டிலும் ஓடும் அவன்) ஒன்று சில வருடங்களாக இருக்கிறது. அதற்குப் பக்கத்து மேடையில் 5 லிட்டர் குக்கரும் இருக்கிறது. தினமும் இரண்டுக்கும் வேலை உண்டு.

11 பிப்ரவரி

"வகை என்னென்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஸ்டீம் என்றே சொல்லி விற்பதால் குழப்பம் வரத்தான் செய்யும்.

முதலாவது, வெறும் ஆவி மட்டும். 100 டிகிரிக்கு மேல் போகாது. இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை, காய், மீன். முறுகல் எதுவும் வராது. இரண்டாவது காம்பி: ஆவி தனியாக, சூடான காற்று தனியாக, இரண்டும் கலந்து என மூன்று விதமாகவும் ஓடும், 230 டிகிரி வரை போகும். மூன்றாவது, மைக்ரோவேவ் வாங்கினால் கூடவே கொடுக்கிற மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஆவி வரும் என்பது உண்மைதான். அதை ஸ்டீம் அவன் என்று சொன்னால் நம் வீட்டு இட்லிச் சட்டிக்குக் கோபம் வரும்.

நான்காவதாக, சாதாரண அவனில் அடித்தட்டில் தண்ணீர் ஊற்றும் பள்ளம் ஒன்று வைத்து 'ஸ்டீம் அசிஸ்ட்' என்று பெயர் போடுகிறார்கள். அது ரொட்டி சுடுகிறவர்களுக்கு. மாவு பொங்கி முடிப்பதற்குள் மேல்தோல் காய்ந்து இறுகிவிடாமல் இருக்க ஆரம்பத்தில் கொஞ்சம் ஈரம் வேண்டும், அவ்வளவுதான். அதில் இட்லி அவிக்க முடியாது.

காம்பி என்பது ஓட்டல் அடுப்படியிலிருந்து வந்தது. 1976-இல் ஜெர்மனியில் ராஷனல் நிறுவனம் ஓட்டல்களுக்கு முதலில் கொண்டுவந்தது. வீட்டுக்கு ஏற்றபடி 1999-இல் காகெனாவ் செய்தது. கல்யாண மண்டபங்களில் இட்லி அவிக்கும் அலமாரி போன்ற பெட்டி ஒன்று நிற்குமே, அது வேறு வகை. அதில் ஆவி மட்டும்தான்.

12 பிப்ரவரி

சாமான்களின் பெயரைச் சொல்லி "இதை வாங்கு" என்று சொல்ல மாட்டேன். மாடல் வருடா வருடம் மாறுகிறது.

16 பிப்ரவரி

"துணி இட்லி வருமா?" வில்லாபுரத்திலிருந்து ஒருவர். இந்தக் கேள்வி மதுரையில் வரவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

வரும். ஆனால் அப்படியே வராது. இட்லிச் சட்டியில் ஆவி கீழிருந்து துணி வழியாக ஏறும். மூடி குவிந்திருப்பதால் மேலே முட்டிய ஆவி தண்ணீராகி ஓரமாக வழிந்து இறங்கிவிடும். அவனின் உள்கூரை பெரும்பாலும் தட்டை. அங்கே திரளும் சொட்டு நேராக இட்லி மேல் விழும். மேல் தட்டு இட்லி கொழகொழவென்று ஆவதற்கு இதுதான் காரணம், மாவைத் திட்ட வேண்டாம். உள்கூரையைச் சாய்வாக அமைத்த மாடல்கள் இருக்கின்றன. கூரையையே சூடாக்கிச் சொட்டு திரளாமல் செய்கிறவையும் உண்டு. கடையில் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு மேலே தடவிப் பாருங்கள். விற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

தட்டைக் கூரை உள்ளது கைக்கு வந்துவிட்டால், மேல் தட்டுக்கு மேலே வெறும் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து போட வேண்டும், சட்டிக்குப் போடுவதைவிட அதிகமாகப் பிழிய வேண்டும். அவன் 100 டிகிரிக்கு வந்த பிறகு மாவை ஊற்றி வைக்கிறேன். சூடாகாத அவனில் வைத்தால் மாவு பரந்து தட்டையாகிறது. "முன்சூடு தேவையில்லை" என்று கையேட்டில் எழுதியிருக்கும். கையேடு எழுதினவர் இட்லி ஊற்றியிருக்க மாட்டார்.

நேரம் 10 முதல் 12 நிமிடம். என் அத்தை (மாமியார்) இன்றுவரை இதை நம்பவில்லை. "தண்ணி கொதிக்கிற சத்தமே கேக்கல, எப்படி வெந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு விரலை நனைத்து இட்லியைக் குத்திப் பார்ப்பார். வெந்துதான் இருக்கும்.

இட்லித் தட்டின் அளவு முக்கியம். நாலு அடுக்கு ஸ்டாண்டை அப்படியே உள்ளே வைத்து, மேல் தட்டுக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் இடம் இருக்க வேண்டும். 25 லிட்டர் மேசை அவன்களில் பலவற்றில் மூன்று அடுக்கே திணறும். தட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

17 பிப்ரவரி

இடியாப்பம் சட்டியைவிட நன்றாக வருகிறது. குழாய்ப் புட்டு வராது. ஆவி புட்டுக்குழாயின் உள்ளே அடியிலிருந்து தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். அவனில் அது சுற்றி நிற்குமே ஒழிய ஊடுருவாது. துளைத் தட்டில் துணி விரித்து மாவை உதிரியாகப் பரப்பினால் கேழ்வரகுப் புட்டு நன்றாக வரும்.

2 மார்ச்

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். திருநகர்க்காரர் 45 லிட்டரா 25 லிட்டரா என்று கேட்கிறார். அதற்கு முன் அவர் பார்க்க வேண்டியது அவர் வீட்டுக் குழாயில் என்ன வருகிறது என்பதை.

மதுரை மாநகராட்சிக் குழாயில் வருவது பெரும்பாலும் வைகை அணை வழியாக வரும் பெரியாற்றுத் தண்ணீர். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை இன்றைக்கு என் ஸ்டீம் அவனைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மலைத் தண்ணீர், மென்மையானது. ஆனால் அது தினமும் வராத தெருக்கள் எத்தனை! மற்ற நேரத்துக்கு போர் தண்ணீர்தான். அது எப்படிப்பட்டது என்பதற்குப் பரிசோதனையே வேண்டாம், குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தால் போதும்.

கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர அளவு. அது குடிப்பதற்கு. அவனின் கொதிகலனுக்கு 200-ஏ அதிகம். 400 உள்ள தண்ணீரை ஒரு நாளைக்கு அரை லிட்டர் ஆவியாக்குகிறோம் என்று வையுங்கள். ஆவி போய்விடும், சுண்ணாம்பு போகாது. முழுதும் படிந்தால் ஒரு வருடத்துக்கு 70 கிராமுக்கு மேல். கட்டைவிரல் பருமன் உள்ள கொதிகலனுக்குள் அது என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

கையேட்டில் கடினத்தன்மையை ஜெர்மன் டிகிரியில் போட்டிருப்பார்கள். 1 டிகிரி என்றால் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். 400 மில்லிகிராம் 22 டிகிரியைத் தாண்டுகிறது. நிறைய மாடல்களில் 21-க்கு மேல் என்பதுதான் கடைசிப் படி. அதாவது, நம் ஊர் போர் தண்ணீர் அவர்கள் கற்பனையின் விளிம்பில் நிற்கிறது.

4 மார்ச்

"எங்கள் வீட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது, எனக்குக் கவலையில்லை" என்று நாகமலையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்.

பாதிக் கவலை இருக்கிறது. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு சோடியத்தை விடும். சுண்ணாம்பு படியாது, உண்மை. ஆனால் குளோரைடை அது தொடாது. உப்புக் கரிக்கும் தண்ணீர் சாஃப்ட்னரிலிருந்து வெளியே வந்தாலும் உப்புக் கரிக்கத்தான் செய்யும். குளோரைடு லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று சில ஐரோப்பியக் கையேடுகளிலேயே இருக்கிறது. நம் குடிநீர் அளவோ 250 வரை சரி என்கிறது. எவர்சில்வரில் ஊசி முனையளவு துருப்புள்ளி வருவது இந்தக் குளோரைடால்தான்.

சரி, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? அங்கே இன்னொரு வேடிக்கை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சில அவன்கள் மின்சாரம் பாய்வதை வைத்துத் தெரிந்துகொள்கின்றன. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. தொட்டி நிறைய ஊற்றி வைத்தாலும் "தண்ணீர் இல்லை" என்று கூவிக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் இது நிச்சயம் நடக்கும். வீட்டு ஆர்.ஓ.வில் கொஞ்சம் உப்பு மிச்சம் இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். வாங்கும் முன் அந்த மாடலின் கையேட்டைப் பதிவிறக்கி தண்ணீர் பக்கத்தை மட்டும் படியுங்கள். மற்ற பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் ஊற்றுவது மாநகராட்சித் தண்ணீர், அது வராத நாளில் ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீரைக் கிட்டே விடுவதில்லை. இதனால்தான் குழாயோடு நேராக இணைக்கும் மாடலை நம் ஊரில் எடுக்காதீர்கள் என்கிறேன். மேல்தொட்டியில் எது ஏறியிருக்கிறதோ அதுதான் உள்ளே போகும். கையால் நிரப்பும் தொட்டி என்றால் நாம் தேர்ந்தெடுக்கலாம். ஒரு லிட்டர் தொட்டியை நிரப்புவது ஒரு பெரிய வேலையா?

சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். கடினத்தன்மை, குளோரைடு இரண்டு எண்ணும் தெரிந்தால் போதும்.

5 மார்ச்

டி.டி.எஸ். மீட்டர் மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். அது மொத்த உப்பைச் சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது.

23 மார்ச்

சுண்ணாம்பு எடுப்பது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொதிகலன் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெளியே ஒளிந்திருக்கும் கொதிகலன் என்றால், கருவி தானாகவே கேட்கும், அதற்கென்று ஒரு சுற்று ஓடவிட வேண்டும், நேரம் பிடிக்கும், நடுவில் நிறுத்த முடியாது. அவனுக்குள்ளேயே அடியில் கிண்ணம் மாதிரி இருந்து அதில் தண்ணீர் கொதித்தால், படிந்தது கண்ணுக்குத் தெரியும், நாமே கழுவலாம். பார்க்க அழகில்லை, ஆனால் கடினத் தண்ணீர் ஊருக்கு இரண்டாவது வகைதான் நல்லது என்பது என் கட்சி.

சிட்ரிக் ஆசிட் தூள் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். கிண்ணத்தில் ஊற்றி ஊற வைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். கரைசலைக் கெட்டியாகப் போட்டுக் கொதிக்க விட வேண்டாம். கால்சியம் சிட்ரேட் என்று வெள்ளையாக வேறொன்று படியும், அதை எடுப்பது இன்னும் கஷ்டம். வினிகர் ஊற்றக் கூடாது என்று பல கையேடுகளில் இருக்கிறது. வாரண்டி இருக்கும் வரை அவர்கள் சொல்கிற மருந்தையே ஊற்றிவிடுங்கள்.

13 ஏப்ரல்

கரண்டு. நேரமும் வந்துவிட்டது, சாயங்காலமானால் எங்கள் பக்கம் ஃபேனே மெதுவாகத்தான் சுற்றுகிறது.

காம்பி 3 கிலோவாட், சில 3.5 வரை. 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயர், தனி எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) வேண்டும். மிக்சி போடும் பிளக்கில் செருகாதீர்கள். வோல்டேஜ் 230-இலிருந்து 190-க்கு இறங்கினால் சூடாக்கும் திறன் அதே விகிதத்தில் இறங்காது, இருமடி விகிதத்தில் இறங்கும்: 3 கிலோவாட், 2-க்குக் கொஞ்சம் மேல் என்று ஆகிவிடும். "சாயங்காலம் மட்டும் லேட்டாகிறது, ரிப்பேரா?" என்றால் ரிப்பேர் இல்லை. காலையில் அதே இட்லி சரியான நேரத்துக்கு வெந்துவிடும்.

செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். அரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்து முழுதும் ஆவியாக்க 0.35 யூனிட். உள்சுவர் சூடேறுவதையும் சேர்த்தால் அரை யூனிட், இன்னும் கொஞ்சம். அதே ஆவிக்கு காஸ் அடுப்பில் சுமார் 40 கிராம் எரிய வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரை 900 ரூபாய் என்று வைத்தால் இரண்டரை ரூபாய் வருகிறது. அந்த அரை யூனிட் கரண்டுக்கும் ஏறத்தாழ அதே காசுதான். காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காசு கரையும் என்று பயப்படவும் வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் ஜாக்கிரதை. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற வீடு என்றால், இது கூட்டுகிற 30, 40 யூனிட் எல்லையைத் தாண்ட வைக்கும். 2025 கட்டணப்படி, 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரையுள்ள மலிவு விலை போய்விடும். அந்த ஒரு காரணத்துக்கே பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏறும்.

11 மே

நாளைக்கு அழகர் ஆற்றில் இறங்குகிறார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஒருவர் கேட்டார்: "இதுல மாவு புளிக்க வைக்கிற புரோகிராம் இருக்காமே?" இருக்கிறது, 30 முதல் 40 டிகிரி. ஊட்டியில் வீடு இருந்தால் அதற்காகவே வாங்கலாம். மே மாசத்து மதுரையில் மாவைப் புளிக்காமல் நிறுத்துவதற்கு ஒரு புரோகிராம் இருந்தால் சொல்லுங்கள்.

தயிருக்கு மட்டும் டிசம்பர், ஜனவரியில் உபயோகப்படுகிறது.

15 மே

விருந்து நாட்களில் பார்த்தது: பழைய சோறு, முந்தின நாள் பரோட்டா, கறி தோசை, எதைச் சூடு பண்ணினாலும் காம்பிக்கு ஈடில்லை. 120 டிகிரி, கொஞ்சம் ஆவி. மைக்ரோவேவில் பரோட்டா ரப்பராகும். இதில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வரும். மைக்ரோவேவைத் தூக்கிப் போடலாமா என்ற பிப்ரவரிக் கேள்விக்கு இப்படிச் சொல்கிறேன்: சூடு பண்ண மட்டும் வைத்திருந்தால், அவசரம் இல்லாத வீடு என்றால், போடலாம். ஒரு டம்ளர் பாலை ஒரே நிமிடத்தில் சூடாக்க வேண்டும் என்கிற வீட்டில் போட முடியாது.

8 ஜூன்

மாடுலர் கிச்சன், அதாவது அலமாரியோடு பதிக்கும் அடுப்படி விஷயம். திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும், பக்கவாட்டில் நின்று திறக்க வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. கொதிநீர் பட்டால் ஆவதைவிட ஆவி பட்டால் புண் ஆழம். தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது அத்தனை சூட்டையும் தோலிலேயே இறக்கிவிடுகிறது. முகத்துக்குத் தப்பிய ஆவி நேராக மேல் அலமாரியின் அடிப்பலகைக்குப் போகும். எங்கள் வீட்டில் முதலில் போட்ட அலமாரி அமுக்கிச் செய்த தூள் பலகை. ஓரம் பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டது. போட்டவர் "வாட்டர் ப்ரூஃப்" என்றார், பில்லில் அந்தச் சொல் இல்லை. அவனுக்கு மேலும் பக்கத்திலும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) போடச் சொல்லி, பலகையில் அந்த முத்திரையை நீங்களே பாருங்கள். வெட்டிய ஓரங்களை மூடிவிட வேண்டும்.

45 லிட்டர் பதிக்கும் பெட்டிகளுக்கு இடம் ஏறத்தாழ 56 சென்டிமீட்டர் அகலம், 45 உயரம், 55 ஆழம். நம் மேடை 2 அடி ஆழம் இருப்பதால் பிளக் பாயிண்டை அவனுக்குப் பின்னால் வைக்க இடம் இருக்காது. பக்கத்து அலமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கள், சுவர் உடைப்பதற்கு முன்பே.

10 ஜூன்

ஒத்தக்கடையில் வாடகை வீட்டில் இருப்பவர், இரண்டே பேர், "எனக்கும் 45 லிட்டர் வேண்டுமா?" என்கிறார். வேண்டாம். நான் மேசை அவனைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டதாகத் தோன்றுகிறது. இரண்டு பேருக்கு இரண்டு அடுக்கு இட்லி போதும், வாழையிலையில் சுற்றிய மீனை 85, 90 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் அவ்வளவு மெத்தென்று வேகும், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். கூரைச் சொட்டும் தண்ணீரும் அங்கேயும் அதே கதைதான்.

19 ஜூலை

சர்வீஸ். என் பெட்டியின் கதவு ரப்பர் ஒருமுறை விட்டுப் போனது. மதுரையில் சர்வீஸ் உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். உண்டு, போன் எடுக்க ஆள் உண்டு. ரப்பர் சென்னையிலிருந்து வர வேண்டும், அதை மாட்டத் தெரிந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். வாரக்கணக்கில் இட்லிச் சட்டிதான். (அத்தைக்கு ஏக சந்தோஷம்.)

வாங்கும் முன் கேட்க வேண்டியது "சர்வீஸ் இருக்கா?" என்றல்ல. "கதவு ரப்பர், தண்ணீர் பம்ப், இந்த இரண்டும் மதுரையில் கையிருப்பில் இருக்கா, விலை என்ன?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடை.

27 ஆகஸ்ட்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை இரண்டு துளைத் தட்டில் ஒரே தடவையில் முடிந்தது. மேல் மாவு வெடிக்கவில்லை. பூரணம் வைத்தது, உப்புக் கொழுக்கட்டை இரண்டையும் ஒன்றாக வைத்தாலும் வாசனை ஒன்றோடொன்று கலக்கவில்லை. இப்படிப்பட்ட நாளில் இதன் அருமை தெரிகிறது. சீனிக்கிழங்கும் அப்படித்தான்: தண்ணீரில் போடாமல் ஆவியில் வெந்தால் இனிப்பு கரைந்து போகாது.

14 செப்டம்பர்

திருநகர்க்காரர் முடிவு செய்துவிட்டார். 45 லிட்டர் காம்பி, கையால் நிரப்பும் தொட்டி, உள்ளேயே கொதிக்கும் கிண்ணம். போர் தண்ணீரைச் சோதித்ததில் கடினத்தன்மை 500-ஐத் தாண்டியதாம், அதனால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றப்போகிறார். குக்கர் இருக்கட்டும் என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டாராம்.

அவருக்கு: முதல் தடவை ஒன்றும் வைக்காமல் 100 டிகிரியில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், ஆலை எண்ணெய் வாசம் போகட்டும். அமைப்புக்குள் போய் தண்ணீர்க் கடினத்தன்மையை நீங்கள் ஊற்றும் தண்ணீருக்கு ஏற்ப மாற்றுங்கள், போர் தண்ணீரின் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சமைத்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கதவடிப் பள்ளத்தைத் துடைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே வையுங்கள். இந்த வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் இரண்டாம் நாளே நாறும். தட்டு அளவு சரியாக இருந்ததா என்று எழுதுங்கள், அதே மாடலை விளாங்குடியில் இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.